முற்றுப்புள்ளி வாயை மூடிய வாரம்

மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருந்த அந்தக் குமாஸ்தாவுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி கடைநிலை ஊழியரிலிருந்து எஞ்சினியர் வரை எல்லோருக்கும் அவர் முற்றுப்புள்ளி. அடுத்தவர் ஆரம்பித்த வாக்கியத்தைத் தான் முடித்து வைக்காவிட்டால் அவருக்குத் தின்றது செரிக்காது.

ஒருவர் ஜன்னலுக்கு வந்து, "சார், எங்க வீட்டு மீட்டர்..." என்று வாயெடுத்தால் போதும். "வேகமா ஓடுது, அதானே? எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்பார். மீட்டர் பெட்டிக்குள் பல்லி குடித்தனம் நடத்துகிறது என்று சொல்ல வந்தவர், அவர் நீட்டிய பேனாவை வாங்கி, வேகமாக ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு முறை அலுவலகத்தில் இரங்கல் கூட்டம். சங்கச் செயலாளர், "நம்மையெல்லாம் விட்டுவிட்டுப் போன நமது அருமை..." என்று தழுதழுத்து, கண்ணைத் துடைத்துக்கொள்ள நிறுத்தினார். பின்வரிசையிலிருந்து, "கேஷியர்" என்று ஒரு குரல் எடுத்துக் கொடுத்தது. கூட்டம் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் தவித்தது. மறைந்த கேஷியரின் மனைவிதான் முதலில் சிரித்தார்.

வீட்டிலும் அதே கதைதான். அவருடைய மனைவிக்குப் பேச்சில் நிதானம் அதிகம். பாதியில் நின்று, சரியான சொல் கிடைக்கிறவரை காத்திருந்து, பிறகுதான் மேலே போவாள். அந்த இடைவெளியில் முற்றுப்புள்ளி உள்ளே புகுந்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய வாக்கியம் ஒன்றுகூட இயற்கை மரணம் அடைந்ததில்லை. ஆரம்பத்தில் "அது இல்லைங்க" என்று திருத்திப் பார்த்தாள். அதையும் அவரே முடித்து வைத்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் பழகிக்கொண்டாள். தோளைக் குலுக்கினால் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இந்த வீட்டுக்குத்தான் அவருடைய அக்கா வந்து சேர்ந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு, கால் தேறும் வரை என்று வந்தவள், கால் தேறியும் இருந்துவிட்டாள். வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிற குரல் அவளுக்கு. அவள் மெதுவாகப் பேசினால் பக்கத்து வீட்டோடு நிற்கும்.

அக்கா வந்த புதிதில் ஒரு நாள் மனைவி ஆரம்பித்தாள். "உங்க அக்கா இங்க வந்ததிலேருந்து எனக்கு..."

"கஷ்டம்தான். தெரியாதா எனக்கு? கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார் முற்றுப்புள்ளி.

அவள் தோளைக் குலுக்கினாள். தீர்ந்தது விஷயம்.

பிறகும் இரண்டு மூன்று தடவை அவள் அதே இடத்தில் ஆரம்பித்தாள். அவரும் அதே இடத்தில் முடித்தார். மனைவி படுகிற கஷ்டம் அவர் மனதை அரித்தது. நல்ல புருஷன் சும்மா இருக்கலாமா? ஊருக்கு வெளியே வயதான பெண்களுக்கென்று ஒரு விடுதி இருப்பதைத் தேடிப் பிடித்தார். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "அவளால முடியலக்கா, உன்கிட்ட சொல்லத் தயங்கறா" என்றார். மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்காவுக்குத் தனியா இருக்கணும்னு ஆசையாம், நீ ஒண்ணும் கேட்டுக்காதே, சங்கடப்படுவா" என்றார். இரண்டு பெண்களும் ரோஷக்காரிகள். உலகத்தில் உள்ள அத்தனையையும் பேசிக்கொண்டவர்கள் இந்த ஒன்றை மட்டும் பேசிக்கொள்ளவில்லை. அக்கா பெட்டிகளைத் துடைத்து எடுத்து வைத்தாள். மனைவி அவளுக்குப் புதுத் தலையணை உறை தைத்தாள். முற்றுப்புள்ளி தனக்குத் தானே முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஆண்டு விழா நாடகம் வந்தது.

நாடகத்தை எழுதியவர் சங்கச் செயலாளர். புயலில் மூழ்கும் கப்பலின் கதை. ஏன் கப்பல் என்று யாரும் கேட்கவில்லை. மின்னல் வெட்ட வைப்பதில் மின்சார அலுவலகத்தை யார் மிஞ்ச முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கேப்டன் வேஷம் எஞ்சினியருக்கு. அவரை விட்டுவிட்டு வேறு ஆளைப் போடுகிற தைரியம் யாருக்கும் இல்லை. திரைக்குப் பக்கத்தில் ஒளிந்து நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிற பிராம்ப்டர் வேலை யாருக்கு என்று வந்தபோது, கூட்டம் ஒரே குரலில் முற்றுப்புள்ளியைக் காட்டியது. பிறவிப் பயனை அடைந்தவர் போல அவர் எழுந்து கும்பிட்டார். ஒரே மாதத்தில் நாடகம் முழுவதையும் மனப்பாடம் செய்தார். வீட்டில் கூடத்திலும் குளியலறையிலும் உரக்கச் சொல்லிப் பார்த்தார். அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஜன்னலை மாற்றி வைத்தார்கள்.

முதல் காட்சி அலுவலக மாடியில், ஊழியர் குடும்பங்களுக்கு. எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, அந்தப் பெரிய கட்டம் வரும்வரை. உதவி கேப்டன் கேட்க வேண்டும்: "கேப்டன்! படகில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம். உங்கள் மகனை ஏற்றட்டுமா?" கேப்டன் கடலைப் பார்க்க வேண்டும். பார்த்து, "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். எஞ்சினியர் இந்த இடத்துக்காகக் கண்ணாடி முன்னால் நாள் கணக்கில் பாடுபட்டிருந்தார். கடலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

முற்றுப்புள்ளி திரையை ஒட்டி வந்து "வேண்டாம்" என்று கிசுகிசுத்தார். அவருடைய கிசுகிசுப்பு கடைசி வரிசைக்குக் கேட்டது. எஞ்சினியரின் முதுகு விறைத்தது, ஆனால் அவர் கடலை விடவில்லை. பாவம், நன்றாக மறந்துவிட்டார் என்று முற்றுப்புள்ளி பதறி, "வேண்டாம் சார், வேண்டாம்!" என்று குரலை உயர்த்தினார். மகனாக நடித்த பில் கலெக்டர் தனக்கான சைகை வந்துவிட்டது என்று நினைத்துக் கடலில் குதித்தார். கடல் என்பது கீழே போட்டிருந்த மெத்தை. அவர் குதித்தது மெத்தைக்கு அந்தப் பக்கம். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மறுநாள் எஞ்சினியர் கூப்பிட்டு அனுப்பினார்.

"யோவ், நான் நேத்து என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"மறந்துட்டீங்க சார்."

"நடிச்சிட்டிருந்தேன்யா!" அவர் குத்திய குத்தில் மேஜை மேலிருந்த கண்ணாடிக் குண்டு உருண்டது. "மறந்தா எடுத்துக் குடு. மறக்கலைன்னா மூடிட்டு இரு. இது கூடவா தெரியாது?"

"எப்படி சார் தெரியும்? எனக்கு உங்க முதுகுதானே தெரியுது."

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். கேப்டன் தொப்பியைத் தொட்டால் மறந்துவிட்டார் என்று அர்த்தம். தொடாவிட்டால் நடிக்கிறார் என்று அர்த்தம். "அடுத்த சனிக்கிழமை எல்லா அலுவலகங்களுக்கும் போட்டி. அன்னிக்கு நான் தொப்பியைத் தொடாம நீ வாயைத் திறந்தே, உன்னைக் கம்பத்துல ஏத்திடுவேன்" என்றார் எஞ்சினியர். லைன்மேன் வேலைக்கு மாற்றுவார் என்று எடுத்துக்கொள்வதா, அப்படியே எடுத்துக்கொள்வதா என்று முற்றுப்புள்ளிக்கு விளங்கவில்லை.

வாயை மூடுவது சும்மா வராது, பழகித்தான் ஆகவேண்டும். வீட்டிலேயே ஆரம்பித்தார். அன்று சாயங்காலம் மனைவி அடுப்பு முன்னால் நின்று வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். முற்றுப்புள்ளி அவளுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவள் பிடரியையே பார்த்தார். முதுகைப் பார்த்தே ஆளைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் திட்டம்.

"உங்க அக்கா ஞாயித்துக்கிழமை போயிட்டா எனக்கு..." என்று ஆரம்பித்து நின்றாள்.

நாக்கு நுனியில் வந்துவிட்டது. அவர் பல்லைக் கடித்தார். கரண்டி நின்றது. பிடரி லேசாக முன்னால் குனிந்தது. ஓஹோ, யோசிக்கும்போது இப்படித்தான் குனியும் போல என்று குறித்துக்கொண்டார். வெங்காயம் கருகியது. அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீ சொல்லு."

இப்படி ஒரு வார்த்தையை அந்த வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். எங்கே விட்டோம் என்று தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"போயிட்டா எனக்குக் கையொடிஞ்ச மாதிரி இருக்கும். இந்த வீட்ல நான் முழுசாப் பேசறது அண்ணிகிட்ட மட்டும்தான். அவங்க வந்ததிலேருந்துதான் எனக்கு வீடு வீடா இருக்கு. எத்தனையோ தடவை உங்ககிட்ட சொல்ல வந்தேன்." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் ஒரு சாக்கு. "என்ன பண்றது, அவங்களுக்குத்தான் இங்க இருக்கப் பிடிக்கலையே."

முற்றுப்புள்ளிக்கு ஸ்டூலோடு சேர்ந்து தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 'அவளுக்குப் பிடிக்காமல் இல்லை, எல்லாம் என் வாய் செய்த வேலை' என்று ஒரே மூச்சில் கொட்டியிருக்க வேண்டும். ஊரில் அத்தனை பேர் வாக்கியத்தையும் முடிக்கிறவருக்குத் தன்னுடைய ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்க வரவில்லை. "கருகுது பார்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க அவர் வாயே திறக்கவில்லை. நாடகத்துக்கான பயிற்சி என்று சொல்லிக்கொண்டார். சௌகரியமான பயிற்சி. நாடகம் முடியட்டும், எஞ்சினியர் கோபம் ஆறட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டார். புகார்ப் பிரிவில் வந்தவர்களெல்லாம் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். வரிசை வாசற்படி தாண்டியது. வீட்டில் அக்கா, "என்னடா, உன் வாய்க்கு மின்தடையா?" என்று கேட்டாள். அதற்கும் அவர் பேசாமல் நின்றார். பெட்டிகளுக்குக் கயிறு கட்ட அவளுக்கு உதவி வேறு செய்தார்.

சனிக்கிழமை வந்தது. பெரிய அரங்கம். மூன்றாவது வரிசையில் மனைவியும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். போட்டி என்பதால் லைன்மேன்கள் ஒரு படி மேலே போய், பணிமனையிலிருந்து ராட்சத மின்விசிறி ஒன்றைக் கொண்டுவந்து பக்கத் திரைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். புயல் நிஜமாகவே அடிக்க வேண்டும் என்பது அவர்கள் லட்சியம்.

அடித்தது. சுவிட்சைப் போட்டதும் மாலுமிகள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். பாய்மரம் ஆடியது. கேப்டனின் தொப்பி ஒரு முறை எழும்பி, தயங்கி, அப்புறம் பறந்து போய் நடுவர்களில் ஒருவர் மடியில் உட்கார்ந்தது.

எஞ்சினியர் கையைத் தலைக்குக் கொண்டுபோனார். அங்கே வழுக்கைதான் இருந்தது. அந்த அதிர்ச்சியில், அடுத்து சொல்ல வேண்டிய வசனமும் தொப்பியோடு பறந்துவிட்டது. கடினமான வசனம் ஒன்றுமில்லை. 'குழந்தைகளை முதலில் ஏற்றுங்கள்.' அவ்வளவுதான். அதைச் சொன்னால்தான் படகு நகரும், கதையும் நகரும். மாலுமிகள் துடுப்பைத் தூக்கியபடி நின்றார்கள். அட்டைப் படகில் ஒரு காலை வைத்த உதவி கேப்டன் மறுகாலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

முற்றுப்புள்ளி பக்கத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பிடரியைப் பார்த்தார். குனியவில்லை. நிமிர்ந்து, விறைத்து, ஈரமாக இருந்தது. மறந்துவிட்டார், சந்தேகமே இல்லை. வாயைத் திறந்தார். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன நினைப்பு வந்தது. நிச்சயம் என்று நினைத்துத்தானே இத்தனை வருஷமும் அடுத்தவர் வாயில் என் வார்த்தையைத் திணித்தேன்? அக்கா விஷயத்திலும் சந்தேகமே இல்லை என்றுதானே இருந்தேன்? கை தலைக்குப் போனது தொப்பியைத் தொடத்தானா, இல்லை அதுவும் நடிப்பா? திறந்த வாய் திறந்தபடி இருந்தது. சத்தம் வரவில்லை. மின்விசிறி மட்டும் ஓடியது. எஞ்சினியர் முகத்தைச் சற்றே இந்தப் பக்கம் திருப்பிக் கண்ணாலேயே, 'சொல்லித் தொலையேன்யா' என்று கெஞ்சியதுகூட அவருக்குத் தெரிந்தது. ஊஹூம்.

அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் இடித்தது.

"என்னய்யா மரம் மாதிரி நிக்கறே? குழந்தைங்களை முதல்ல ஏத்து!"

அக்கா எழுந்து நின்றிருந்தாள். ஒரு மாதமாகக் கூடத்திலும் குளியலறையிலும் கேட்டுக் கேட்டு நாடகம் முழுக்க அவளுக்கும் பாடமாகியிருந்தது. அதைவிட முக்கியம், உயிர் போகிற நேரத்தில் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிற ஆண்களை அவள் தன் சர்வீஸில் நிறையப் பார்த்திருந்தாள். எஞ்சினியருக்கு உடம்பு தானாகக் கீழ்ப்படிந்தது. "குழந்தைகளை முதலில் ஏற்றுங்கள்!" என்று கர்ஜித்தார். மின்னல் வெட்டியது. அரங்கம் அதிரக் கைதட்டல்.

அதற்குப் பிறகு எஞ்சினியருக்கு எதுவும் மறக்கவில்லை. மறக்கிற தைரியம் வரவில்லை என்றும் சொல்லலாம். பெரிய கட்டத்தில்கூடக் கடலை நீண்ட நேரம் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சட்டென்று "வேண்டாம்" என்றார்.

முதல் பரிசு அவர்களுக்குத்தான். கையில் தொப்பியோடு மேடையேறிய நடுவர், பார்வையாளர்களின் மனசாட்சியையே ஒரு பாத்திரமாக்கி அரங்கின் நடுவில் உட்கார வைத்த புதுமையைத் தன் ஆயுளில் கண்டதில்லை என்றார். சங்கச் செயலாளர் அடக்கமாகத் தலை குனிந்து அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டார். எஞ்சினியர் பக்கத் திரைக்குப் பின்னால் வந்து முற்றுப்புள்ளியைக் கட்டிக்கொண்டார். முதலில் கழுத்தை நெரிக்கத்தான் வந்திருப்பார். வழியில் பரிசு கிடைத்துவிட்டது. "கடைசி வரைக்கும் வாயைத் திறக்கலை பாரு! அதுதான்யா பிராம்ப்டிங்!"

முற்றுப்புள்ளிக்கு அழுகை வந்தது. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நின்றதற்கு இப்படி ஒரு மரியாதையா? இந்த லட்சணத்தில் நாளைக் காலையில் அக்காவையும் பேசாமலே அனுப்பி வைத்தால் அதற்கும் யாராவது மாலை போடுவார்களோ?

வீட்டுக்குப் பேருந்தில் போனார்கள். பெண்கள் இருவரும் ஒரு இருக்கையில், அவர் அவர்களுக்குப் பின்னால். இரண்டு பிடரிகளும் முன்னால் தெரிந்தன. இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"அக்கா, நீ நாளைக்குப் போக வேண்டாம். அவ ஒண்ணும் சொல்லலை. முடியலைன்னு அவ சொன்னதே இல்லை. நான்தான் அவ சொல்ல வந்ததை... நானா முடிச்சிட்டேன். உனக்குத் தனியா இருக்க ஆசைன்னு அவகிட்ட சொன்னதும் நான்தான். ரெண்டும் பொய். பொய்னு தெரியாம சொன்ன பொய். அப்புறம் தெரிஞ்சது. தெரிஞ்சும் ஒரு வாரம் வாயை மூடிட்டு இருந்தேன்."

பேருந்தில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார். மனைவி அக்காவைப் பார்த்தாள். அக்கா மனைவியைப் பார்த்தாள்.

"அப்போ நீங்க போகணும்னு கேக்கலையா அண்ணி?"

அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள். மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பின்னால் திரும்பி, நிறுத்தாமல் தடுமாறாமல் பேசினாள்: "அது பொம்பளைங்க விடுதியாப் போச்சு. இல்லைன்னா கட்டி வெச்ச பெட்டி வீணாக வேண்டாம்னு உங்களைக் கொண்டுபோய் விட்டிருப்போம்."

கண்டக்டர் விசில் அடித்தார். எதற்கென்று தெரியவில்லை, அங்கே நிறுத்தம் எதுவும் இல்லை.

ஆனால் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போதும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து நேராகத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் குரலுக்கு இவ்வளவு பெரிய மௌனம் உண்டு என்று முற்றுப்புள்ளி நினைத்ததே இல்லை. மன்னிக்கவே மாட்டாள், விடிந்ததும் போய்விடுவாள் என்று படுக்கையில் புரண்டார்.

காலையில் பெட்டிகள் கயிறு கட்டியபடியே வாசல் பக்கம் இருந்தன. அக்கா சமையலறையில் நின்றாள். டம்ளரில் ஆவி பறந்தது. ஒரு ஸ்பூன் நிறைய உப்பை அள்ளி அதில் போட்டாள்.

"அக்கா, அது உப்பு!" என்று கத்தினார் முற்றுப்புள்ளி.

அக்கா திரும்பினாள். தொண்டையிலிருந்து துருப்பிடித்த கீல் போல ஒரு சத்தம் வந்தது. "தெரியும்டா, முட்டாள். வாய் கொப்பளிக்க. நேத்துக் கத்தினதுல தொண்டை போயிடுச்சு."

"அதான் நேத்து பஸ்ல பேசலையா?"

"கோவமும்தான்." கொப்பளித்துத் துப்பினாள். "அந்த விடுதிக்கு ஒரு போன் போட்டு..." இருமல் வந்தது. இருமி முடிக்க நேரமாயிற்று. மனைவி அவரையே பார்த்தாள். அவர் இரண்டு உதட்டையும் மடித்துப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு நின்றார். "...நான் வரலைன்னு நீயே சொல்லு. எனக்குத்தான் குரல் இல்லையே."

அவர் ஓடிப்போய் போனை எடுத்தார். மறுமுனையில் விடுதிப் பொறுப்பாளர் அம்மா.

"வணக்கம் மேடம், எங்க அக்கா இன்னிக்கு அங்க..."

"வர்றாங்க! தெரியும் சார், ஜன்னலோர ரூம் ரெடி."

"இல்ல மேடம், அவங்க..."

"மாடி ஏற மாட்டாங்க, முழங்கால்தானே? கீழேதான் போட்டிருக்கோம்."

"அது இல்ல மேடம், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீங்க கவலையே படாதீங்க சார். எல்லாத் தம்பிகளும் முதல் நாள் இப்படித்தான் தவிப்பாங்க."

முற்றுப்புள்ளி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் வெறித்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். சமையலறை வாசலில் இரண்டு பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு, "மேடம், ஒரு நிமிஷம்" என்று மறுபடி ஆரம்பித்தார்.